தாத்தா சாமியாகிவிட்ட வீடு

ஊரே கூடி என் தாத்தாவைக் கும்பிடத் தொடங்கியபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்த எங்களில் ஒருவர்கூட மனசாரக் கும்பிட்டதில்லை. பயந்திருக்கிறோம், ஒளிந்திருக்கிறோம், அவருடைய லோரி சத்தம் கேட்டதும் ரேடியோவை அணைத்திருக்கிறோம். கும்பிடு போட்டதெல்லாம் தீபாவளிக்கு மட்டும். அதுவும் அப்பா கண்ணாலேயே மிரட்டியதால்.

வீடு கிள்ளானில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா கட்டியது. கீழே செங்கல், மேலே பலகை, தரையில் பூப்போட்ட ஓடுகள். அப்பா போன பிறகு ஒரே பிள்ளை என்று அது எனக்கு வந்தது. ஷா ஆலம் அலுவலக வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இருக்கலாம் என்று நானும் அங்கேயே குடிவந்தேன். அதுவரை எங்கள் சொந்தக்காரர்களுக்கு அது வௌவால் வீடு. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டிலேயே நின்றுவிட்டுப் போவார்கள். யாரோ ஒருவர் படம் எடுத்துப் போட்டு அதற்குப் ‘பாரம்பரிய வீடு’ என்று பட்டம் கொடுத்ததும், அடடா, எத்தனை பேருக்குத் திடீரென்று அந்த மாடிப்படியில் விளையாடிய ஞாபகம் வந்தது!

அவர்களில் முதல் ஆள் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி. பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு தெர்மகோல் வளைவு வைக்கத் தோன்றும் அவனுக்கு.

“அக்கா, வீட்ட தொறந்து விடுக்கா. சனி ஞாயிறு மட்டும். ஆளுங்க வந்து பார்ப்பாங்க. மெலாக்காவுல, பினாங்குல எல்லாம் அதான் செய்றாங்க. நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான் வரலாறு தெரிய மாட்டேங்குது லா” என்றான்.

வரலாறாம். அவனுக்குத் தெரிந்த வரலாறு போன மாதத்து மேடையோடு முடிந்துவிடும். ஆனாலும் நான் தலையாட்டினேன். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பார்க்க வருகிறவர்கள் உண்டியலில் எதையாவது போட்டால் ஓடு மாற்றலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்டபோது அவள் கீரையை ஆய்ந்துகொண்டே ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“யாரு வேணும்னாலும் வரட்டும். எதை வேணும்னாலும் பார்க்கட்டும். அந்தக் கெழவன் படம் மட்டும் ஹாலுக்கு வரக்கூடாது. சாகுற வரைக்கும் அந்த மூஞ்சிய பார்க்காம இருந்துட்டுப் போறேன், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அது தாத்தாவின் படம். கதவு உயரத்துக்குச் சட்டம் போட்டது. கோட்டு, வேட்டி, கையில் தடி, பெரிய மீசை. அவர் செத்த பிறகும் எத்தனையோ வருஷம் ஹாலில் அப்படியே தொங்கியது. எடுத்துவிடுங்கள் என்று அம்மா அப்பாவிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அப்பாவுக்கு எப்போதும் தெரிந்த பதில். அப்பா போன பிறகு நான்தான் அதைச் சேலையில் சுற்றி மாடியில் வைத்தேன். அன்று மதியம் அம்மா ஹாலில் பாய் விரித்துக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஹாலில் அவள் படுத்தது அன்றுதான்.

அம்மாவுக்கு அந்த மனிதர் மேல் அப்படி என்ன கோபம் என்றால், ஒன்றா இரண்டா. சோறு ஆறியிருந்தால் தட்டு பறக்கும். அதையெல்லாம் அம்மா மறந்துவிட்டதாகவே சொல்வாள். மறக்காதது ஒன்றே ஒன்று. அம்மாவின் தாய் வீடு ரவாங்கில். சீமையிலா இருக்கிறது? தாத்தாவின் லோரியே வாரம் முழுக்க அந்த வழியாகத்தான் போய்வரும். அங்கே அம்மாவைப் பெற்றவள் இறந்துவிட்டாள் என்று காலையில் ஆள் வந்து சொன்னான். நான் அப்போது கைக்குழந்தை. தாத்தா சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லையாம். “செத்தவ எந்திரிச்சு எங்கயும் ஓடிற மாட்டா. லோரி ஆளுங்களுக்கு ஆக்கி எறக்கிட்டுப் போ” என்றாராம். அப்பா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அம்மா ஆக்கி, இறக்கி, பரிமாறி, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதை அம்மா சொல்லும்போது அழ மாட்டாள். பல்லைக் கடித்துக்கொள்வாள்.

சரி, வீட்டைத் திறந்தோம். வந்தார்கள் பாருங்கள் பார்வையாளர்கள்! கோலாலம்பூரிலிருந்து தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம் வந்து, தூணைத் தொட்டுத் தொட்டுப் பெருமூச்சு விட்டது. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை ஜன்னல் கட்டையில் விரலை இழுத்துத் தூசியைப் பார்த்தார். தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒருவர், “எங்க ஊர்ல இந்த மாதிரி வீடு தெருவுக்குத் தெரு இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு, எங்கள் மாடிப்படியில் விதவிதமாகச் சாய்ந்து நின்று அரை மணி நேரம் படம் எடுத்துக்கொண்டார். கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது மூன்றுதான்: டாய்லெட் எங்கே, வைஃபை இருக்கா, பேய் இருக்கா. பேய் இல்லை என்றதும் முகம் தொங்கிப் போய்விடும். நான் இருக்கிறேனே, போதாதா என்று கேட்கத் தோன்றும்.

தம்பிக்கும் அது போதவில்லை. வீடு ‘மொட்டையாக’ இருக்கிறதாம். கட்டினவர் முகம் வேண்டுமாம். கட்டினவர் கொள்ளுத்தாத்தாவாயிற்றே, அவருக்குப் படமே கிடையாதே என்றேன். “யாருக்குக்கா தெரியப் போகுது? தாத்தா மீசை சூப்பரா இருக்கும், அதையே மாட்டிடலாம்” என்றான். நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆள் வைத்து மாட்டியும் விட்டான். கீழே ஒரு பலகை வேறு: ‘கிள்ளானின் வள்ளல். தோட்டத்து மக்களுக்குத் தினமும் சோறு போட்ட மகான்.’

சோறு போட்டவர் அவராம்! அடுப்பில் வெந்தவள் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள், வள்ளல் மீசையை முறுக்கிக்கொண்டு ஹாலில் நிற்கிறார். “கழட்டுடா” என்று கத்தினேன். “அடுத்த வாரம் பத்திரிகைக்காரங்க வராங்க. அது வரைக்கும் இருக்கட்டும்கா, ப்ளீஸ் லா” என்று பல்லை இளித்தான். அம்மா என்னைப் பார்த்தாள். அடுத்த வாரம் எடுத்துவிடலாம்மா என்றேன். அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து ஹாலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சமையலறைக்குக்கூடக் கொல்லைப்பக்கமாகச் சுற்றித்தான் போவாள்.

பத்திரிகைக்காரர்கள் வரவில்லை. காப்பாரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். படத்தைப் பார்த்து, “ஐயோ பாவம், பெரியவரு பூ இல்லாம இருக்காரே” என்று தன் கொண்டையிலிருந்த மல்லிகையில் பாதியைப் பிய்த்துச் சட்டத்தில் செருகிவிட்டுப் போனார். அந்தப் பூவைப் பார்த்த அடுத்தவர் அகல் விளக்கு வாங்கி வந்தார். விளக்கைப் பார்த்தவர் திருநீற்றுத் தட்டு வைத்தார். நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. சாலையோரக் கல்லுக்கு மஞ்சள் துணி சுற்றிவிட்டால் போதும், மறுநாள் அங்கே செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. யாரோ ஒருவர் எங்கள் கேட்டில் இருந்த வீட்டு எண்ணை எழுதிக்கொண்டு போய் நாலு நம்பர் லாட்டரியில் வைத்திருக்கிறார். நம்பர் அடித்துவிட்டது. அடித்தது முதல் பரிசா, ஆறுதல் பரிசா என்று யாரும் கேட்கவில்லை. மறு வாரம் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. தாத்தாவின் லோரி நம்பர் என்ன, அவர் செத்த தேதி என்ன என்று என்னைத் துளைத்து எடுத்தார்கள். பக்கத்துத் தெருச் சீன அங்கிள் ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து நின்றார். அவர்கள் மரத்தடியில் கும்பிடுகிற டத்தோ சாமி மாதிரிதான் இவரும் என்றார் மலாயில். ஒரு லோரி டிரைவர் சுருட்டும் கறுப்பு பீரும் கொண்டுவந்து படத்தின் காலடியில் வைத்தார். “தாத்தா கனவுல வந்து கேட்டாருக்கா” என்றார். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமையும் திறந்து வையுங்கள் என்று கேட்டார்கள். நான் முடியாது என்றேன். தம்பி முடியும் என்றான். பித்தளை மணி வாங்கி வந்து மாட்டினான். “அக்கா, இப்ப இத எடுத்தா பிரச்சினையாயிடும் லா. ஆளுங்க மனசு நோகும்” என்றான். ஆளுங்க மனசு! கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறைக்குள் ஒரு மனசு இருப்பது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா என்னிடம் நாலைந்து தடவை கேட்டாள். மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்குது என்றாள். தங்கச்சி வீட்டுக்கு ரவாங்குக்கே போய்விடுகிறேன், கொண்டுபோய் விடு என்று கடைசியில் சொன்னாள். இந்த வயசில், தன் சொந்த வீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றே ஏணி போட்டு இறக்கியிருக்க வேண்டும். பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டு நானும் தயங்கினேன் என்பதுதான் உண்மை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தம்பி கற்பூரத் தட்டோடு நின்றான். மேடை அலங்காரத்துக்கு விடுமுறை விட்டுவிட்டுப் பூசாரியாகியிருந்தான். ஒரு பெண் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஐம்பது வயதிருக்கும். ஏதோ தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள்.

“தாத்தா, நீங்கதான் கேக்கணும். எம்மகளுக்கு இது தலப்பிரசவம். வீட்டுக்குக் கூட்டியாந்து பார்க்கணும்னு கெஞ்சுறேன். அவ மாமனாரு அனுப்பவே மாட்டேங்குறாரு. இங்க யாரு ஆக்குறதுன்னு கேக்குறாரு. புள்ள போன்ல அழுவுது தாத்தா. நீங்கதான் அவரு மனச மாத்தணும்.”

யாரிடம் வந்து என்ன கேட்கிறாள் இந்தப் பெண்!

உள்ளே அறைக் கதவு தடாலென்று திறந்தது. அம்மா வந்தாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தாள். முடியெல்லாம் ஈரத்தோடு இடுப்பு வரை விரிந்து கிடந்தது. நெற்றி நிறையத் திருநீறு. கோபத்தில் உடம்பே ஆடியது. மண்டியிட்டிருந்த பெண்ணைத் தாண்டி நேரே படத்துக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

“டேய் கெழவா! ஒங்கிட்டயா இதக் கேக்குறா? ஒங்கிட்டயா?”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஹால் அதிர்ந்தது. அடுத்த நொடி என்ன நடந்தது தெரியுமா? அத்தனை பேரும் சட்டென்று கைகூப்பினார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். லோரி டிரைவர், “வந்துருச்சு, வந்துருச்சு, வழிய விடுங்க” என்றார். யாரோ மணியை அடித்தார்கள். என் தம்பி, அம்மாவின் கையில் நூறு தடவை சோறு வாங்கித் தின்றவன், பெரியம்மா என்று கூப்பிடுவதை மறந்து, கற்பூரத் தட்டை அவள் முகத்துக்கு நேரே தூக்கினான்.

“தாயி, யாரு வந்துருக்கீங்க? சொல்லுங்க தாயி” என்று குனிந்து கேட்டார் கிழவர்.

“யாரு வந்துருக்கேனா? நான் இந்த வீட்டு மருமகடா! எங்கம்மா செத்துக் கெடந்தா. போகணும்னு நின்னேன். ஆக்கி எறக்கிட்டுப் போன்னு சொன்னான் இவன். எங்கம்மா மொகத்தப் பார்க்க விடல இவன்!”

“மருமகளா இருந்து செத்த தெய்வம் போல” என்று பின்னால் ஒருத்தி கிசுகிசுத்தாள். “ஆத்தா வாக்கு குடுக்குறா, நம்பர் எதுனா சொல்றாளான்னு கேளு” என்றது இன்னொரு குரல். எனக்கு அந்த வாயிலேயே ஒன்று வைக்கலாம் போலிருந்தது. உயிரோடு ஒருத்தி வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்கிறாள், இவர்கள் அதில் நம்பர் தேடுகிறார்கள்! “அது எங்கம்மா! சாமி இல்ல!” என்று கத்தினேன். ஒரு பெண் என் தோளைப் பிடித்து, “பக்கத்துல போகாதீங்கக்கா, அடிச்சிரும்” என்று ஆதரவாக இழுத்தாள்.

“என்ன வேணும் தாயி? என்ன வேணும்னாலும் கேளுங்க, செய்றோம்” என்றார் கிழவர்.

அம்மா அப்படியே நின்றாள். சுற்றிலும் கூப்பிய கைகளைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் கண்ணைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. மெல்லத்தான் சொன்னாள்.

“இத எறக்கு.”

சொல்லி வாய் மூடவில்லை. ஒருவன் ஏணிக்கு ஓடினான். இரண்டு பேர் பெஞ்சை இழுத்தார்கள். எடுத்தால் பிரச்சினையாகும் என்ற என் தம்பி, தட்டைத் தரையில் வைத்துவிட்டு, ஓடிப் போய் ஏணியின் காலைப் பிடித்தான். மாலை, விளக்கு, சுருட்டு, பீர், வள்ளல் பலகை எல்லாம் பறந்தன. தாத்தா இறங்கினார்.

“எங்க வெக்கணும் தாயி?”

“எங்கயாச்சும் தூக்கிட்டுப் போ. இந்த வீட்டுல வேணாம்.”

லோரி டிரைவர் இன்னும் மூன்று பேரோடு அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். எங்கே வைத்தாரோ, இன்று வரை நான் விசாரிக்கவில்லை. சீருடைப் பெண் மட்டும் தரையிலேயே இருந்தாள். அம்மா குனிந்து அவள் தோளைத் தொட்டாள்.

“எந்திரி. ஒங்கிட்ட காடி இருக்கா?”

“இருக்கு தாயி.”

“இப்பவே போ. போய் ஒம்மகள ஏத்திக்கிட்டு வா. யாரையும் கேக்காத. படத்தக் கேக்காத, மாமனாரக் கேக்காத. செத்துப்போன எங்கம்மா அனுப்பிருக்கான்னு புள்ளைகிட்ட சொல்லு. போ!”

அந்தப் பெண் எழுந்தாள், அம்மாவின் காலைத் தொட்டாள், கார்ச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் திருநீறு பூசிக்கொண்டு, பின்பக்கம் காட்டாமல் நடந்து வெளியேறினார்கள். தம்பி தயங்கித் தயங்கி, “பெரியம்மா… எறங்கிடுச்சா?” என்று கேட்டான். “நீ மொதல்ல வீட்ட விட்டு எறங்கு” என்றேன். போனான். நான் கேட்டைப் பூட்டினேன்.

திரும்பி வந்தபோது அம்மா ஹாலில் ஓட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. முடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரவாங் கதையைச் சொல்லி அழாதவள், அன்றுதான் அழுதாள்.

“ஒங்கப்பாகிட்ட எத்தன வருஷம் கேட்டேன். ஒங்கிட்டயும் கேட்டேன். மனுஷியா கேட்டப்ப ஒருத்தரும் அசையல. சாமின்னு நெனச்சதும் ஏணிய தூக்கிக்கிட்டு ஓடி வரானுங்க பாரு.”

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் கையை விலக்கவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

“எங்கம்மா செத்தன்னிக்கு இந்த அருள் எனக்கு வந்துருக்கக் கூடாதாடி?” என்றாள்.